நெக் மாற்றிய கிட்டார்: பண்டமாற்றை ரத்து செய்ய முடியுமா?

கேள்வி: நான் திருநெல்வேலியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். "2012 ஃபெண்டர் ஸ்ட்ராட் எலக்ட்ரிக் கிட்டார், மெக்சிகோ தயாரிப்பு, வேறு கருவிக்கு மாற்றிக்கொள்ளவும் தயார்" என்று மதுரைக்காரர் ஒருவர் விளம்பரம் செய்திருந்தார். "ஏதாவது பாகம் மாற்றியிருக்கிறீர்களா அண்ணா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "பிக்கப் மட்டும்தான் தம்பி, மற்றதெல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது" என்று பதில் எழுதினார். (பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்.) அவர் வீட்டுக்கே போய், அரை மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, என் யமஹா கீபோர்டையும் 15,000 ரூபாயையும் கொடுத்துக் கிட்டாரை வாங்கி வந்தேன். மூன்று வாரமாகப் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு (விரல் வைக்கும் பகுதியில் குறுக்காகப் பதித்த கம்பிக்கு) மேல் சுருதி சேரவில்லை. சர்வீஸ் செய்பவர் நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்துப் பகுதியை, கழற்றினார். அடியில் வேறு நிறுவனத்தின் முத்திரை இருந்தது. பழைய ஸ்க்ரூ துளைகளில் தீக்குச்சி செருகி அடைத்திருந்தார்கள். நெக்கின் நுனியான ஹெட்ஸ்டாக்கில் இருந்த பெயர் வெறும் ஸ்டிக்கர். சீரியல் எண்ணே இல்லை. கேட்டால், "பழைய பொருள், பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்கிறார். போலீசில் புகார் கொடுக்கலாமா? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? "நீயும் யாருக்காவது மாற்றிவிடு" என்கிறான் நண்பன். என்ன செய்வது ஐயா?

பதில்: தம்பி, மூன்று வழிகளைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்காத ஒன்றுதான் அவசரம். உங்கள் கீபோர்டு இன்னும் அவர் வீட்டில் இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தால் ஏற்பட்ட ஒப்பந்தம் தானாகச் செத்துப்போவதில்லை. ஏமாந்தவர் ரத்து செய்யும்வரை அது உயிரோடுதான் இருக்கும். அதற்குள் அவர் உங்கள் கீபோர்டை விவரம் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டால், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே அது சொந்தம் என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 29. பிறகு பணமாகத்தான் கேட்க முடியும். எனவே ரத்து செய்கிறேன் என்பதை இன்றைக்கே அவருக்குத் தெரிவித்துவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்துக்கான முன்மொழிவை எப்படித் தெரிவிக்கலாமோ அப்படியே ரத்தையும் தெரிவிக்கலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 66. பேச்சு நடந்த அதே வாட்ஸ்அப்பில் எழுதினாலே செல்லும்.

இனி உங்கள் பக்கத்து நியாயம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்போம்.

நெக் மாற்றுவது குற்றமல்ல. ஸ்ட்ராட் 1954-இல் வந்த நாளிலிருந்தே அதன் நெக் பசை போட்டு ஒட்டப்படாமல் ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. பலர் நல்ல நெக்காகத் தேடி மாட்டிக்கொள்கிறார்கள். ஃபெண்டரின் உரிமம் பெற்று மாற்று நெக் செய்யும் நிறுவனங்களும் உண்டு. "நெக் மாற்றியது, விலையில் இவ்வளவு குறைத்துக்கொள்கிறேன்" என்று அவர் சொல்லியிருந்தால் வழக்கே இல்லை. ஆனால் இந்த வகைக் கிட்டாரில் நெக் வெறும் உதிரி பாகமும் அல்ல. 1976 வரை சீரியல் எண் உடலின் பின்பக்கத் தகட்டில் இருந்தது; அதன் பிறகு ஹெட்ஸ்டாக்குக்கு மாறியது. நெக் போனால் ஆண்டையும் தொழிற்சாலையையும் சொல்லும் எண்ணும் கூடவே போய்விடுகிறது. "2012", "மெக்சிகோ" என்று அவர் விளம்பரத்தில் எழுதிய இரண்டுக்கும் இப்போது அந்தக் கிட்டாரில் சாட்சி இல்லை. இதை நோட்டீஸில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அவர் வாயே திறக்காமல் இருந்திருந்தால் உங்கள் நிலைமை மோசம். குறையைச் சொல்லாமல் சும்மா இருப்பது மட்டுமே மோசடி ஆகாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 17 சொல்கிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் மோசடி இல்லை என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1872-இல் எழுதியது, இன்றைக்குப் பழைய பைக் விற்பவர்கள் வரைக்கும் அதை நம்பித்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். நீங்கள் கேள்வி கேட்டீர்கள், அவர் பதில் எழுதினார். "பிக்கப் மட்டும்தான்" என்ற அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கு. நெக் மாறியது தெரிந்தே எழுதியிருந்தால் பிரிவு 17-இன்படி மோசடி. அவரே வேறொருவரிடம் ஏமாந்து, உண்மை என்று நம்பி எழுதியிருந்தாலும், சரிபார்க்காமல் அடித்துச் சொன்னதற்காகப் பிரிவு 18-இன்படி தவறான கூற்று. இரண்டிலும் பிரிவு 19 உங்களுக்கு ரத்து செய்யும் உரிமை தருகிறது.

வித்தியாசம் எங்கே வரும் என்றால், "பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்ற அவருடைய வாதத்தில். சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், தவறான கூற்றுக்காக ரத்து செய்ய முடியாது. தெரிந்தே சொன்ன பொய்க்கு இந்தத் தற்காப்பு கிடையாது. ஆகவே அவருக்கு முன்பே தெரியும் என்று காட்டுவது முக்கியம். காட்ட முடியாவிட்டால் உங்கள் பலவீனம் சீரியல் எண்தான். அது இல்லை என்பது நெக்கைக் கழற்றாமலே தெரியும், அரை மணி நேரம் கையில் வைத்திருந்தீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இங்கேதான் குடைவார். அடியில் இருந்த முத்திரையும் தீக்குச்சியும் வேறு விஷயம். விற்பவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிப் பார்ப்பது சாதாரணக் கவனம் என்று எந்த நீதிபதியும் சொல்லமாட்டார் என்றே நினைக்கிறேன்.

"இது விற்பனையே இல்லை, பண்டமாற்று, விற்பனைச் சட்டம் பொருந்தாது" என்றும் அவர் சொல்லிப் பார்க்கலாம். சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 118 இதைப் பரிமாற்றம் என்கிறது; நடுவில் 15,000 ரூபாய் கை மாறியதால் விற்பனை என்றும் வாதிடலாம். எப்படியானாலும் சரி. பரிமாற்றத்தில் கொடுத்த பொருளுக்கு ஒருவர் விற்பவரின் பொறுப்பையும், பெற்ற பொருளுக்கு வாங்குபவரின் உரிமையையும் உடையவர் என்று பிரிவு 120 சொல்லிவிட்டது.

நுகர்வோர் ஆணையம் உங்களுக்குச் சரிப்படாது. ஒரு கடையிலோ, பழைய கருவிகளை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவரிடமோ மாற்றியிருந்தால் அங்கேதான் முதலில் போகச் சொல்லியிருப்பேன். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. தன் சொந்தக் கிட்டாரை ஒருமுறை மாற்றிய தனிநபரை வணிகர் என்று நிறுவுவது கடினம். அவருடைய பழைய விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். வரிசையாகக் கிட்டார் விற்றிருந்தால் கதை மாறும்.

போலீஸ் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 318 ஏமாற்றுதலைப் பற்றியது. ஆனால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். "சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று ஸ்டேஷனில் சொல்வதையே நீங்கள் பெரும்பாலும் கேட்பீர்கள். பணத்தை வாங்கித் தரும் கருவியாகக் குற்றவியல் சட்டத்தைப் பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றமும் பலமுறை கண்டித்திருக்கிறது. அந்த ஸ்டிக்கரை ஒட்டியவர் அவரேதான் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் மட்டும் என்னிடம் திரும்ப வாருங்கள்.

ஸ்டிக்கர் என்றதும் உங்கள் நண்பரின் யோசனைக்கு வருகிறேன். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். பொய்யான வணிகச் சின்னம் பதித்த பொருளை விற்பதற்கு வணிகச் சின்னங்கள் சட்டம், பிரிவு 104-இன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சந்தேகிக்கக் காரணமே இல்லாமல் விற்றவர் தப்பலாம். அவர் அப்படித் தப்பினாலும் நீங்கள் தப்ப முடியாது. உங்களுக்கு இப்போது தெரியும், தெரியும் என்று எழுதி எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள்.

அனுப்ப வேண்டிய செய்தி இவ்வளவுதான்: "பிக்கப் தவிர எதுவும் மாற்றவில்லை என்று இன்ன தேதியில் எழுதினீர்கள். அதை நம்பி என் கீபோர்டையும் 15,000 ரூபாயையும் கொடுத்தேன். நெக் வேறு நிறுவனத்துடையது என்று இப்போது தெரிந்தது, படங்கள் இணைப்பில். இந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்கிறேன். கிட்டார் வாங்கியபடியே இருக்கிறது, திருப்பித் தரத் தயார். கீபோர்டையும் பணத்தையும் 10 நாளில் திருப்பித் தரவும். கீபோர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது." திட்டோ மிரட்டலோ ஒரு சொல்லும் வேண்டாம். இதையே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள்.

"வாங்கியபடியே" என்று எழுதிய பிறகு அது உண்மையாக இருக்க வேண்டும். ரத்து செய்பவர் தான் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 64. நல்ல நெக்காக ஒன்று மாட்டிவிடலாம் என்று சர்வீஸ் செய்பவர் சொன்னாலும் விடாதீர்கள். இனி விழாக்களுக்கும் அதை எடுத்துப் போகாதீர்கள். அனுப்பிய பிறகும் வாசித்துக்கொண்டிருந்தால், ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்பார்கள். சர்வீஸ் செய்தவரிடம் தேதியோடு ஒரு சிறு குறிப்பு எழுதி வாங்குங்கள். அந்த உரையாடல் உள்ள கைபேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். அதன் நகலைச் சாட்சியமாக்க சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63-இன்படி சான்றிதழ் தேவை. மூலக் கருவி இருந்தால் அது எளிது.

அவர் இறங்கி வந்து, "நெக்குக்கு உண்டான வித்தியாசத்தைத் தந்துவிடுகிறேன்" என்றால் முகத்தைத் திருப்பாதீர்கள். சொன்னது உண்மையாக இருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ அந்த நிலைக்குக் கொண்டுவரச் சொல்லும் உரிமையும் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19-இல் இருக்கிறது. உடல் உண்மையிலேயே மெக்சிகோவில் செய்தது என்று சர்வீஸ் செய்பவர் உறுதி சொன்னால், நானாக இருந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு நல்ல நெக் மாட்டிக்கொள்வேன். சில ஆயிரங்களுக்காக மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பஸ்ஸில் அலைவது உங்களுக்கும் நஷ்டம். எதற்கும் மசியவில்லை என்றால் நேராக வழக்குப் போடாமல், மதுரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்துக்கு அவரை அழைப்பார்கள்; அங்கே சமரசமாகி எழுதப்படும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, அதன் மீது மேல்முறையீடும் கிடையாது. சிவில் வழக்குக்கு மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. செய்தியை அனுப்ப மட்டும் நாளைவரை காத்திருக்க வேண்டாம்.