தண்ணீர் பாதிப் பதில்தான்

1991 செப்டம்பரில் அமெரிக்காவின் டிஸ்கவரி விண்ணோடத்திலிருந்து எடுத்த வீடியோவில் ஒரு புள்ளி மெதுவாக நகர்ந்து சட்டென்று திரும்பி ஓடுகிறதே, அது வேற்றுலகக் கலம் அல்ல, வெளியே கொட்டிய தண்ணீர்தான் என்றால் எப்படித் தானாகத் திரும்பும் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. தானாகத் திரும்பாது. விண்ணோடத்துக்கு மின்சாரம் தந்த எரிபொருள் மின்கலங்கள் (fuel cells) கூடவே தண்ணீரையும் உண்டாக்கின, மிஞ்சியதை வெளியே பீய்ச்சுவார்கள், அது உறைந்து பனித்துகளாகிக் கூடவே மிதந்து வரும். திருப்பிவிடுவது வேறு: விண்ணோடத்தின் நிலையைச் சரிசெய்யும் சிறு ராக்கெட்டுகள். புள்ளி திரும்பும் நேரத்தை ஒட்டித் திரையில் ஒரு வெளிச்சம் பளிச்சிடும், நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அந்த வாயு பட்டால் கடுகளவு துகள் பறக்காதா என்ன? பக்கத்தில் இருக்கும் துகளா, தொலைவில் போகும் பெரிய பொருளா என்று அந்தப் படத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது, குழப்பமே அங்கேதான்.

அப்புறம், இது புதிதும் அல்ல. 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் தன் விண்கலத்தின் ஜன்னலுக்கு வெளியே மின்மினி போன்ற துகள்களைக் கண்டார். அதே ஆண்டு மே மாதம் இன்னொரு வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் தன் விண்கலத்தின் சுவரைத் தட்டியதும் அவை கிளம்பின: வெளியே ஒட்டியிருந்த உறைபனி.