ஆர்டர் குவிகிறது, காசு எங்கே? ஆன்லைன் வியாபாரக் கேள்விகளும் பதில்களும்

ஆன்லைனில் விற்பது பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் சேலை, மீதியில் பெரும்பங்கு தின்பண்டம். பொதுவாகப் பயன்படும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (சேலம்): அண்ணா, இளம்பிள்ளையில சேலை எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல விக்கிறேன். வருஷம் 40 லட்சம் தாண்டினாத்தான் ஜி.எஸ்.டி. வேணும்னு சொல்றாங்களே, நிஜமா?

தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் நிஜம்தான். பெங்களூருக்கு ஒரே ஒரு சேலை அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, 40 லட்சக் கணக்கு அங்கே செல்லாது. கைவினைப் பொருட்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் விசைத்தறிச் சேலை அதில் சேராது.

அமேசான், ஃப்ளிப்கார்ட் போன்ற தளங்களில் விற்க முன்பெல்லாம் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகள் பதிவுக்குப் பதிலாக ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கி விற்கலாம். என்னைக் கேட்டால், பதிவே எடுத்துவிடுங்கள் தங்கச்சி. ஓசூர் எல்லையோடு நின்றுவிடும் வியாபாரத்துக்கு ஆன்லைன் எதற்கு? கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் பதிவு வேண்டும்.

கேள்வி (ஈரோடு): சி.ஓ.டி. (பார்சல் கைக்கு வந்ததும் காசு) கொடுத்தா ஆர்டர் கொட்டுது சார். ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கல. எங்க ஓட்டை?

வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இது. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சேலை விலை 600 ரூபாய். அடக்கம் 400, கூரியர் 70, பேக்கிங் 10. ஒரு சேலைக்கு 120 மிச்சம், 100 ஆர்டருக்கு 12,000 என்று மனம் கணக்குப் போடும்.

அந்த நூறில் 25 பார்சல் திரும்பி வருவதாக வைத்துக்கொள்வோம். நின்ற 75-க்கு லாபம் 9,000. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போக 70, வர 60, பேக்கிங் 10, ஆக 140 நஷ்டம். 25-க்கு 3,500 போனால் மிச்சம் 5,500. ஓர் ஆர்டர் பிடிக்க இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 50 ரூபாய் செலவழித்திருந்தால் அதிலும் 5,000 போய்விடும். நூறு ஆர்டருக்கு ராத்திரி பகலாக உழைத்து மிஞ்சுவது 500 ரூபாய்! மடிப்புக் கலைந்து வரும் சேலையை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இந்தியாவில் சி.ஓ.டி.யைப் பரவலாக்கியது ஃப்ளிப்கார்ட், 2010-ல். முகம் தெரியாத கடையை ஜனங்கள் நம்ப அது தேவைப்பட்டது. உங்களுக்கும் புது வாடிக்கையாளரிடம் தேவைப்படலாம். அப்படியானால் கூரியர் கூலியையாவது முன்பணமாக ஜிபேயில் வாங்குங்கள். அனுப்புமுன் ஒரு போன் போடுங்கள். ஆர்டர் எண்ணிக்கை குறையத்தான் செய்யும், குறையட்டும். இரண்டாவது தடவை வாங்க வருகிறவருக்கு விளம்பரச் செலவு கிடையாது. உங்கள் லாபம் அவரிடம்தான் இருக்கிறது.

கேள்வி (விளாத்திகுளம்): வீட்டுல கடலைமிட்டாய் போடுறோம். "கோவில்பட்டி கடலைமிட்டாய்"னு லேபிள் ஒட்டி ஆன்லைன்ல விக்கலாமா அண்ணாச்சி?

சும்மா ஒட்டக்கூடாது. அதற்கு 2020-ல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்துவிட்டது. குறியீட்டுக்குள் வரும் பகுதியில் செய்கிறவர், சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பயனாளராகப் பதிந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். முதலில் உங்கள் ஊர் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேறு பெயர் வையுங்கள், சரக்கு நன்றாக இருந்தால் விற்கும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், எடை, எம்.ஆர்.பி., முகவரி, தயாரித்த தேதி, புகார் எண் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஆன்லைனில் விற்கும் உணவு வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு முன் 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வெல்லப்பாகு ஈரத்தை இழுக்கும், ஐப்பசி மழையில் சாதாரணக் கவர் தாங்காது. பேக்கிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கேள்வி (திருப்பூர்): தளத்துக்காரன் பணத்துல கொஞ்சம் பிடிச்சுட்டுத்தான் தர்றான். அது போனது போனதுதானா?

கமிஷன் போனதுதான். ஆனால் ஜி.எஸ்.டி.க்காக முன்கூட்டியே பிடிக்கும் டி.சி.எஸ். 0.5 சதவீதமும், வருமான வரிக்காக அப்படிப் பிடிக்கும் டி.டி.எஸ். 0.1 சதவீதமும் உங்கள் பணம். 2024 வரை இரண்டும் ஒவ்வொரு சதவீதம். கணக்குத் தாக்கல் செய்யும்போது கேட்டு வாங்குங்கள், ஆடிட்டரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி (மதுரை): பார்சலுக்குள்ள என் போன் நம்பர் சீட்டு வச்சா அடுத்த ஆர்டர் நேரா எனக்கே வருமே?

வேண்டாம் தம்பி. தளத்தின் வாடிக்கையாளரை வெளியே இழுப்பது விதிமீறல், கணக்கை முடக்கலாம். உங்கள் பிராண்டு பெயரைப் பெட்டியில் பளிச்சென்று அச்சடியுங்கள். பிடித்திருந்தால் அவரே தேடி வருவார்.

கேள்வி (சென்னை): ஆன்லைன் வியாபாரம் வேகமா வளருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. வேலைய விட்டுட்டு இறங்கலாமா?

வளர்கிறது, சந்தேகமில்லை. கூரியர்காரரும் விளம்பரத் தளமும் அதில் முதலில் சம்பாதிக்கிறார்கள். என்ன பொருள், எங்கே கொள்முதல், எவ்வளவு மிஞ்சும் என்று உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லையே. அதை எழுதி அனுப்புங்கள். அதுவரை ராஜினாமா கடிதம் மேசைக்குள்ளேயே இருக்கட்டும்.