ஓபரா படிப்புக்குத் தரகர் ‘சீட்’ வாங்கித் தர முடியுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூரில் வசிக்கிறோம். பிளஸ் டூ படிக்கும் மகள், பாட்டியோடு வீட்டுப் பஜனையில் பாடி வளர்ந்தவள். கர்நாடக சங்கீதமும் கற்கிறாள். மேற்கத்திய இசை நாடகமான ஓபராவில் பாடகியாக விரும்புகிறாள். ஜெர்மனியில் சீட் வாங்கித் தர ஒரு கன்சல்டன்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகளில் மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது. தேர்வுக் குழுவின் முன் பாடித் தேறியவருக்கே இடம். விண்ணப்பத்தை நீங்களே வீட்டிலிருந்து அனுப்பிவிடலாம். தேறினால் ‘நான் வாங்கித் தந்தேன்’ என்பதும், தேறாவிட்டால் ‘பெண்ணுக்குக் குரல் போதவில்லை’ என்று கைவிரிப்பதும் தரகர்களின் வழக்கம்.

‘அங்கே படிப்பு இலவசம்’ என்றும் சொல்லியிருப்பார். பல கல்லூரிகளில் அது உண்மைதான். ஆனால் ஷ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க், மான்ஹைம், கார்ல்ஸ்ரூஹ, ட்ரோஸிங்கன் ஆகிய ஊர்களின் இசைக் கல்லூரிகள் அடங்கிய பாடன்-வுர்ட்டெம்பர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017இலிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் (செமஸ்டருக்கும்) 1500 யூரோ வசூலிக்கிறது. லைப்சிக் கல்லூரியோ வேறு மாநிலத்தில் இருந்தும் தனியே வசூலிக்கிறது. ஆகவே ஒவ்வொரு கல்லூரியாகத்தான் விசாரிக்க வேண்டும். கட்டணமே இல்லாத இடம் கிடைத்தாலும், விசாவுக்கு ஓராண்டுச் செலவைப் பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில்) போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் வைத்திருப்பவருக்கு மட்டும் இலவசம் என்றால், அது யாருக்கான சலுகையோ!

குரலுக்கு வருவோம். மகள் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுபவள் என்று கொண்டால், சோப்ரானோ (பெண் குரல்களில் மிக உயர்ந்த வகை) பாடகிகள் தொடும் ‘ஹை சி’ என்ற உச்ச ஸ்வரம் அவளுக்கு அதிதார ஸ்தாயி (தார ஸ்தாயிக்கும் மேலுள்ள ஸ்தாயி) சுத்த மத்திமம். தார பஞ்சமத்தோடு நின்று பழகிய குரல் அதை எட்டுவதோடு, மைக் இல்லாமல், முழு வாத்தியக் குழுவையும் தாண்டி ஒலிக்க வேண்டும். அசையாமல் நிற்க வேண்டிய ஸ்வரத்தில் தானாக வந்து விழும் கமகத்தை, அதாவது ஸ்வர அசைவை, அடக்கவே மாதக்கணக்காகும். பஜனை தந்த சுருதி சுத்தமும் தாளக்கட்டும் வீணாகாது. ஸ்டாஃப் நோட்டேஷன் (மேற்கத்திய இசையை எழுதும் முறை), பியானோ, இத்தாலிய, ஜெர்மன் உச்சரிப்பு எல்லாம் புதிதாகக் கற்க வேண்டியவை.

பாலக்காட்டுச் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி கர்நாடக இசைக்கானது. அரசுகள் மேற்கத்தியக் குரற்பயிற்சியைப் பெரிதாகக் கவனிக்காததால்தான் தரகர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. சென்னையில் 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய, மேற்கத்தியக் குரற்பயிற்சி தரும் கே.எம். இசைக் கல்லூரியில் விசாரியுங்கள். நான்கைந்து பாட்டை மனப்பாடம் செய்யவைத்து மேற்கத்திய இசைத் தேர்வின் எட்டாம் கிரேடு சான்றிதழுக்கு அனுப்பும் சென்டர்கள் வேண்டாம். தேர்வுக் குழு கேட்பது குரலைத்தான்.

ஓபராக் குரல் முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும் என்பதால், இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின் விண்ணப்பித்தால் போதும். சில கல்லூரிகள் வயது வரம்பு வைத்திருப்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை அந்த கன்சல்டன்ட்டிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், நாளையே திருப்பி வாங்கிவிடுங்கள்.