இரண்டாவது லேப்டாப்புக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு பேக்எண்ட் புரோகிராமிங் செய்து கொடுக்கிறேன். மாத வரவு சராசரியாக 65,000 ரூபாய். வாடகை, பெற்றோரின் மருந்து உட்பட மாதச் செலவு 48,000 ரூபாய். வங்கியில் இருப்பது 1,10,000 ரூபாய். நான்கு வருடமாக உழைக்கும் என் லேப்டாப் மதர்போர்டு பழுதாகி, ஒன்பது வேலை நாள் சர்வீஸ் சென்டரில் கிடந்ததால் கையில் இருந்த ஒரு வேலையும் போய்விட்டது. அவசரத்துக்கு இன்னொரு லேப்டாப் வாங்க நினைக்கிறேன். புதியது ஒன்றை 58,000 ரூபாய்க்கு ஒன்பது மாத நோ-காஸ்ட் இஎம்ஐயில் தருகிறார்கள். கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில், 16 ஜிபி ரேம் உள்ள புதுப்பித்த திங்க்பேட் டி480 ஒன்றுக்கு 26,000 ரூபாய் கேட்கிறார்கள். வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் புதியதையே வாங்கச் சொல்கிறார் நண்பர். எதை வாங்குவது?

பதில்: புதுப்பித்ததையே, ரொக்கமாக வாங்குங்கள். காரணங்களில் முதலாவது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மாதத்துக்கு 22 வேலை நாள் என்று கொண்டால் உங்கள் ஒரு நாள் உழைப்பின் மதிப்பு ஏறத்தாழ 2,950 ரூபாய். ஒன்பது நாள் முடங்கியதில் நீங்கள் இழந்தது, கைவிட்டுப் போன வேலையைச் சேர்க்காமலே, 26,000 ரூபாய்க்குச் சற்று மேல். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பையிலேயே கிடக்கப்போகும் ஒரு கருவியைக் காப்பீட்டுப் பிரீமியம் போலத்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை நேரக்கூடிய இழப்பின் அளவுக்குப் பிரீமியம் கட்டுவதில் நியாயம் உண்டு, அதைப்போல் இரு மடங்குக்கு மேல் கட்டுவதில் இல்லை.

இரண்டாவது, உங்கள் கையிருப்பு. இப்போதுள்ள தொகை இரண்டே கால் மாதச் செலவுக்குத்தான் வரும். மாதச் சம்பளம் என்ற உறுதி இல்லாதவர்களுக்கு ஆறு மாதச் செலவாவது கையில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. 26,000 ரூபாய் போனால் 84,000 மிஞ்சும். 58,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்தால் மிஞ்சுவது ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பில்லை ஒரு மாதம் தாமதப்படுத்தினாலே போதும், மருந்துக் கடைக்குக் கிரெடிட் கார்டை நீட்ட வேண்டிய நிலை வந்துவிடும்.

அதற்குத்தான் இஎம்ஐ இருக்கிறதே என்பீர்கள். நோ-காஸ்ட் என்ற பெயரை அப்படியே நம்ப வேண்டாம். வங்கி வழக்கம்போல வட்டி போடுகிறது. அதே அளவு தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கழித்துவிடுவதால் கூட்டுத்தொகை விலைக்குச் சமமாகத் தெரிகிறது. ஆண்டு வட்டி 16 சதவீதம் என்று கொண்டால், ஒன்பது மாதத்தில் வட்டிப் பங்கு ஏறத்தாழ 3,700 ரூபாய். அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 660 ரூபாய், உங்கள் கணக்கில்தான் ஏறும். பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் உண்டு. இவை சிறு தொகைகள்தான். எனக்கு உறுத்துவது வேறு: மாதம் 6,444 ரூபாய்த் தவணை, உங்களுக்கு மிஞ்சும் 17,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், போதாக்குறைக்கு, அவசரத்துக்கு உதவ வேண்டிய கார்டு வரம்பையும் அந்தக் கடன் அடைத்துக்கொண்டு நிற்கும்.

நண்பர் சொன்ன வரிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மொத்த வரவில் 50 சதவீதத்தை லாபமாகக் காட்டும் முறையில் நீங்கள் கணக்குத் தாக்கல் செய்பவராக இருந்தால், தேய்மானம் (கருவியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதற்கான கழிவு) உட்பட எல்லாச் செலவும் மீதி 50 சதவீதத்தில் அடங்கிவிட்டதாகவே சட்டம் கொள்கிறது; லேப்டாப் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வரி மாறாது. முழுக் கணக்குப் புத்தகம் வைப்பவருக்குத்தான் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் கிடைக்கும், அதுவும் வாங்கிய நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். உங்கள் ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மிகக் கீழே இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு இருக்க வாய்ப்பில்லை. எனவே லேப்டாப் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, அதாவது உள்ளீட்டு வரியை, திரும்பப் பெறும் பேச்சும் எழாது.

இனி அந்தத் திங்க்பேட். 2018-இல் வந்த மாடல் என்பதால் முகம் சுளிக்க வேண்டாம். அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட அந்த வரிசையில் ரேமுக்கு இரண்டு இடங்கள் உண்டு, இரண்டையுமே கழற்றி மாற்றலாம்; வெளிப்புற பேட்டரியை ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே எடுக்கலாம். பெயரில் ஓர் எழுத்துக் கூடிய டி480எஸ் மாடலில் ரேமின் ஒரு பகுதி போர்டோடு பற்றவைக்கப்பட்டது; எக்ஸ்1 கார்பனில் முழுவதுமே அப்படித்தான். கடைக்காரர் அவற்றில் ஒன்றை "இதுவும் அதேதான் சார்" என்று எடுத்து வைத்தால் ஏற்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியாவது வேண்டும் என்பதால், செயலியின் எண் 8-இல் தொடங்குகிறதா என்பதைத் திரையிலேயே பார்த்து உறுதிசெய்யுங்கள். லினக்ஸ் மட்டும் போடுவீர்கள் என்றால் இந்தக் கவலை இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவையும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவையும் ஒப்பிட்டு, பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் கடவுச்சொல் கேட்காமல் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். பழைய நிறுவனத்தின் பூட்டோடு வந்த லேப்டாப்பைப் பிறகு திறப்பது பெரும்பாடு. இந்த மாடலில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (அந்தப் போர்ட்டை இயக்கும் உள் மென்பொருள்) கோளாறால் யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறாமல் போவது தெரிந்த குறை என்பதால், அதிலுள்ள இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சீரியல் எண்ணும் வாரண்டிக் காலமும் அச்சிட்ட பில் இல்லாமல் கிளம்பாதீர்கள். மதுரையிலேயே இதே நிலையில் ஒன்று ஓராயிரம் ரூபாய் கூடுதலுக்குக் கிடைத்தால் நான் அதையே எடுப்பேன். வாரண்டிக்காக ஒவ்வொரு முறையும் சென்னைக்கு பஸ் ஏறுவதில் அந்த ஆயிரமும் ஒரு நாள் வேலையும் கரைந்துவிடும்.

வாங்கிய வாரத்திலேயே டாக்கர், டேட்டாபேஸ், எஸ்எஸ்ஹெச் கீ என்று உங்கள் வேலைக்கு வேண்டிய மென்பொருள், நுழைவுச் சாவிகள் எல்லாவற்றையும் அமைத்து, ஒரு முழு நாள் அதிலேயே வேலை செய்து பாருங்கள். இரட்டைச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகள் பழைய லேப்டாப்பில் மட்டும் இருந்தால், புதிதாக வாங்கியது மேசையில் இருந்தும் உங்கள் கோடு இருக்கும் கிட்ஹப் தளத்துக்குள் நுழைய முடியாமல் போகலாம்.

தவணைக்குப் போயிருக்கும் பணத்தில் மாதம் 4,000 ரூபாயை வங்கியில் ஆர்.டி.யாக (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டுவாருங்கள். பதினைந்து மாதத்தில் 60,000 ரூபாயும் வட்டியும் சேர்ந்திருக்கும். நான்கு வயதான முதல் லேப்டாப்புக்கு மாற்று தேவைப்படும் காலமும் ஏறத்தாழ அதுவாகத்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்துப் புதியதை வாங்க வேண்டியது அப்போதுதான். மிஞ்சும் மற்ற 13,000 ரூபாயும் அதுவரை அவசர நிதிக்கே போகட்டும்.