டெஸ்ட் பட்டனில் அடிக்கும் ஃப்ளாஷ், கேமராவில் அடிக்காதது ஏன்?

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி இருக்கிறது. வீட்டு விசேஷங்களைப் படமெடுக்க விலை குறைந்த மேனுவல் ஃப்ளாஷ் (பவரை நாமே கையால் வைப்பது) ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். டெஸ்ட் பட்டனை அமுக்கினால் பளிச்சென்று அடிக்கிறது. கேமராவில் மாட்டி ஷட்டரை அமுக்கினால் அடிப்பதே இல்லை. கேமராவில்தான் கோளாறு என்கிறார் விற்றவர். திருப்பி அனுப்ப இன்னும் சில நாட்களே இருக்கின்றன. ஃப்ளாஷ் நல்லதா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில் நிம்மதியாக இருங்கள். உங்கள் கேமராவில் கோளாறு இல்லை, ஃப்ளாஷிலும் அநேகமாக இருக்காது. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழியில்லை, அவ்வளவுதான்.

கேமராவின் தலையில் ஃப்ளாஷை மாட்டும் ஹாட் ஷூவை உற்றுப் பாருங்கள். வழக்கமாக அதன் நடுவில் பெரிய வட்டமான உலோகப் புள்ளி ஒன்று இருக்கும். ‘இப்போது அடி’ என்று எந்தக் கம்பெனி ஃப்ளாஷுக்கும் சொல்வது அந்தப் புள்ளிதான். 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகிய மாடல்களில் கேனான் அதை எடுத்துவிட்டது. கேனானுக்கே உரிய சின்னப் புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. மேனுவல் ஃப்ளாஷுக்கு நடுப்புள்ளியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இதை விற்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை. 1300டி அல்லது ஏதாவது நிக்கான் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள், அடித்துவிடும்.

சரி, சோதனைக்கு வருவோம். ஃப்ளாஷ் என்றதும் எல்லோரும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பரைத்தான் பார்க்கிறார்கள். ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் அந்த எண், தூரத்தையும் அப்பெர்ச்சர் எண்ணையும் (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் எஃப் எண்) பெருக்கி வரும் கணக்கு. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100-இல், 3 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு எஃப்/11 சரியாக இருந்தால் கைடு நம்பர் 33. பெட்டியில் 60 என்று இருப்பது பெரும்பாலும் ஃப்ளாஷ் தலையை 200 மி.மீ. ஜூமில் வைத்து, ஒளியைக் குறுக்கி எடுத்த அளவு. அகலமாக அடித்தால் கணிசமாகக் குறையும். அந்த எண்ணை நம்பி வாங்கவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்.

விலை குறைந்த ஃப்ளாஷில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வெளிச்சம் தருகிறதா? பவர் குறைவாக இருந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றிச் சமாளிக்கலாம். தாலி கட்டும் நேரத்தில் ஒரு படம் இருட்டாகவும் அடுத்தது வெளுத்தும் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைச் சோதிக்க, கேமரா ஃப்ளாஷை இயக்கவே வேண்டியதில்லை. இரவில் ஒரு அறையின் விளக்குகளை எல்லாம் அணையுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து வெள்ளைச் சுவரைப் பார்க்கத் திருப்புங்கள். மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ஷட்டர் 2 விநாடி. ஃபோகஸும் ஒயிட் பேலன்ஸும் மாறாதபடி நிலையாக வையுங்கள். ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள், அது முழுக் கறுப்பாக வர வேண்டும். அப்புறம் ஃப்ளாஷை ஒரே இடத்தில் வைத்து, பவர் 1/8 (முழுப் பவரில் எட்டில் ஒரு பங்கு) வைத்து, செல்ஃப் டைமரைத் தட்டுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் 2 விநாடிக்குள் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அமுக்குங்கள். இப்படிப் பத்துப் படம் எடுத்து, ஹிஸ்டோகிராமோடு (படத்தின் வெளிச்சத்தை மேடாகக் காட்டும் வரைபடம்) வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். மேடு ஒரே இடத்தில் நின்றால் நல்ல ஃப்ளாஷ். ஒன்றிரண்டு படத்தில் மட்டும் துள்ளினால் திருப்பிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

அதே அமைப்பில் பவர் படிகளையும் பார்த்துவிடலாம். முழுப் பவருக்கு எஃப்/16, 1/2-க்கு எஃப்/11, 1/4-க்கு எஃப்/8, 1/8-க்கு எஃப்/5.6, 1/16-க்கு எஃப்/4. ஐந்து படமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். முழுப் பவரில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். பல ஃப்ளாஷ்களில் உள்ளே முழுதாகச் சார்ஜ் ஏறும் முன்பே தயார் விளக்கு எரிந்துவிடும். விளக்கு எரிந்த உடனே ஒரு படம், சில விநாடி பொறுத்து ஒரு படம் எடுத்தால் வித்தியாசம் தெரியும். அது குறை அல்ல, விசேஷத்தில் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பேட்டரி நல்லதாக இல்லாவிட்டால் இந்தச் சோதனை எல்லாமே தப்பாகக் காட்டும். கடிகாரத்துக்குப் போடும் சாதா செல் வேண்டாம். எனலூப் போன்ற ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நான்கு, ஒரே நேரத்தில் வாங்கியதாக, முழுச் சார்ஜில் போடுங்கள். முழுப் பவரில் விடாமல் அடித்துச் சூடேற்றாதீர்கள். என்ன ஆனாலும் ஃப்ளாஷைத் திறந்து பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும், செல்லைக் கழற்றிய பிறகும்.

சோதனையில் தேறினால், இந்தக் கேமராவோடு அதை எப்படிப் பயன்படுத்துவது? ஃப்ளாஷில் எஸ்1, எஸ்2 என்று ஸ்லேவ் மோடு, அதாவது இன்னொரு ஃப்ளாஷ் மின்னுவதைக் கண்டு தானும் அடிக்கும் வசதி, இருக்கிறதா பாருங்கள். கோடாக்ஸ் டிடி600, யாங்னுவோ 560 போன்றவற்றில் இருக்கிறது. எஸ்2-வில் வைத்து, ஃப்ளாஷைத் தனியே ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, கேமராவின் சின்ன ஃப்ளாஷைத் தூக்கிவிட்டு எடுங்கள். சின்னது அடிப்பதைக் கண்டு பெரியதும் அடிக்கும். எஸ்1 வேண்டாம். கேனானின் சின்ன ஃப்ளாஷ் படத்துக்கு முன் அளவு பார்க்க ஒருமுறை மின்னும், எஸ்1 அதற்கே அடித்துத் தீர்ந்துவிடும். சின்ன ஃப்ளாஷ் தூக்கியிருக்கும்போது ஷட்டர் 1/200-ஐத் தாண்டாமல் கேமராவே பார்த்துக்கொள்ளும். உச்சி வெயிலில் ஸ்லேவை நம்ப முடியாது, வீட்டுக்குள் நன்றாகவே வேலை செய்யும்.

வளைகாப்பு, காதுகுத்து போல ஓரிடத்தில் உட்கார்ந்து நடக்கும் விசேஷத்துக்கு இதையே நான் விரும்புவேன். பக்கவாட்டிலிருந்து, வெள்ளை அடித்த கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் முகங்கள் அத்தனை அழகாக இருக்கும். ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6, 1/125, பவர் 1/4 என்று ஆரம்பித்து ஏற்றி இறக்குங்கள். ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் வெள்ளைச் சுவரிலோ பெரிய தெர்மாகோல் அட்டையிலோ திருப்பி அடியுங்கள்.

நடந்துகொண்டே எடுக்க வேண்டும், கேமராவின் மேலேயே இருக்க வேண்டும் என்றால் இதைத் திருப்பிவிட்டு, கேனானுக்கென்றே வரும் டிடிஎல் ஃப்ளாஷ் (கேமரா வெளிச்சத்தை அளந்து பவரைத் தானே வைப்பது) வாங்குங்கள். விலை கூடும். வாங்கும் முன், அந்த மாடலின் இப்போதைய ஃபர்ம்வேர் (ஃப்ளாஷின் உள்ளே இருக்கும் மென்பொருள்) 1500டி-யோடு வேலை செய்யும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் கேமராவையே கடைக்கு எடுத்துப் போய், மாட்டி அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.