கிழியாத புத்தகங்கள்

அன்புள்ள ஐயா,

நான் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. இந்த ஆண்டு நூலகப் பொறுப்பு என்னிடம் வந்தது. வாரம் ஒரு பாடவேளை. கதை சொன்னோம், பொம்மலாட்டம் நடத்தினோம், படித்த கதையைப் படமாக வரையவைத்தோம். அதிகப் புத்தகங்கள் படித்த பிள்ளைக்குப் பரிசு கொடுத்தோம். மூன்றாம் வகுப்பிலிருந்துதான் புத்தகம் கொடுக்கிறோம். ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு நானே கையில் பிடித்துக் காட்டுவேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இடைவேளைதோறும் அலமாரிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பான். ஆண்டு முடிவில் இருப்பு சரிபார்த்தபோது ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை, ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. அதில் எனக்குப் பெருமை. அடுத்த ஆண்டு வாங்குவதற்கு ஐம்பது புத்தகங்களின் பட்டியல் தர முடியுமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

மற்ற வேலைகளுக்கு நடுவே ஒரு பாடவேளைக்குள் இவ்வளவு செய்திருக்கிறீர்கள். அந்த உழைப்பு எனக்குத் தெரிகிறது. பரிசை மட்டும் நிறுத்திவிடுங்கள். எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் பிள்ளைகள் ஒல்லியான புத்தகமாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பட்டியலைப் பிறகு பார்ப்போம்.

சில நாட்களாக என் பேத்தி படித்து நைத்த புத்தகம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது முறை. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி நிற்கும் பையனையும் கிழியாத பக்கங்களையும் அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது உங்களுக்கு ஒன்றுமே உறுத்தவில்லையா?

மூன்றாம் வகுப்பில் நான் கோள்களைப் பற்றிய ஒரு புத்தகம் எடுத்துப்போனேன். மழையில் நனைந்துவிட்டது. பயத்தில் அடுப்பருகே வைத்துக் காயவைத்தேன். ஓரம் பழுத்து, தாள் உப்பி, நடுவில் நாலைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. மறுநாள் காலைக் கூட்டத்தில் ஆசிரியர் அதைத் தூக்கிக் காட்டினார். அடிக்கவில்லை. "இவன் கையில் இனிப் புத்தகம் கொடுக்கக் கூடாது" என்றார், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புவரை நான் ஒரு நூலகப் புத்தகத்தையும் தொடவில்லை. வியாழன்வரை படித்திருந்தேன். சனி அந்த ஒட்டிக்கொண்ட பக்கங்களுக்குள் இருந்தது.

எஸ்.ஆர்.ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். சொல்ல வேண்டியிருந்ததால்தான் அவர் சங்கிலிகளைப் பற்றி எழுதினார். ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் புத்தகத்தை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்தார்கள். சங்கிலி சிக்காமலிருக்க முதுகை உள்பக்கமாகத் திருப்பி அடுக்கினார்கள். கையால் படியெடுத்த காலத்தில் வந்த வழக்கம் அது. ஒரு படி தொலைந்தால் மறுபடி எழுத மாதக்கணக்காகும். அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. அச்சிட்ட படக்கதைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்ட உங்கள் பக்கம் என்ன நியாயம் இருக்கிறது?

சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கம் புரட்டத் தெரியாது என்பீர்கள். புரட்டாமல் எப்படித் தெரியும்? உள்ளங்கையை நடுவில் வைத்துத் தள்ளினால் தாள் கசங்கும், மேல் மூலையை இரண்டு விரலால் மெல்லப் பிடித்தால் தானாக எழும்பி வரும். இதை விரல்தான் கற்க வேண்டும். நீங்கள் கையில் பிடித்துக் காட்டும்போது உங்கள் விரலுக்கு மட்டும்தான் பாடம் நடக்கிறது.

தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அது நியாயமான பயம். ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசி, தேய்மானம் இவ்வளவு வரலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நைந்ததைப் பதிவேட்டில் கழித்து எழுதுவதும் நூலக வேலைதான். ரங்கநாதனின் ஐந்தாம் விதி நூலகத்தை வளரும் உயிர் என்கிறது. வளர்கிற எதிலும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் ஒட்டச் சொல்லிக்கொடுங்கள். செல்லோடேப் வேண்டாம். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகிக் காய்ந்து உரிந்துவிடும், பசைக் கறை மட்டும் தாளிலேயே தங்கும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் போதும். தம்பி கிழித்ததை அக்கா உட்கார்ந்து ஒட்டட்டும். உங்கள் பொம்மலாட்டம் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் இது அதைவிட நல்ல பாடவேளை.

பள்ளி திறக்கும் முதல் நாள் பூட்டை எடுத்துவிடுங்கள். கீழ்த்தட்டில், அட்டைப் படம் தெரியும்படி சாய்த்து வையுங்கள். அந்தப் பையனைக் கூப்பிட்டு "எடுத்துக்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு வருடமாக எதைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். ஆண்டு முடிவில் எந்தெந்தப் புத்தகங்களின் முதுகு பிரிந்து, மூலை மழுங்கியிருக்கிறது என்று பாருங்கள். அவற்றில் இரண்டிரண்டு படிகள் கூடுதலாக வாங்குங்கள். அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள், என் பேத்திக்கு வேண்டும்.