ஹெல்மெட்டில் பந்து பட்ட பையன் மேட்ச் ஆடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. நேற்று கிரிக்கெட் நெட்ஸில் (வலைப்பயிற்சியில்) பவுன்சர், அதாவது தலை உயரத்துக்கு எழும்பும் பந்து, ஹெல்மெட்டில் பட்டது. மயங்கி விழவில்லை. ராத்திரி தலைவலி, வெளிச்சம் கூசுகிறது என்றான். சி.டி. ஸ்கேன் நார்மல். ஞாயிற்றுக்கிழமை மேட்ச், ஆடலாம் என்கிறார் கோச். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். மண்டை ஓட்டில் விரிசல் இல்லை, உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்பதைத்தான் அந்த ஸ்கேன் சொல்கிறது. உங்கள் மகனுக்கு வந்திருப்பது கன்கஷன், அதாவது அடியால் மூளையின் வேலை தற்காலிகமாகத் தடுமாறுவது, போலத் தெரிகிறது. அது ஸ்கேனில் தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு மயக்கமும் வருவதில்லை.

மூளை ஒரு திரவத்தில் மிதந்தபடி இருக்கிறது. பந்து பட்டதும் தலை வெடுக்கென்று திரும்பும். மண்டை ஓட்டோடு சேர்ந்து திரும்ப முடியாமல் மூளை பின்தங்கி முறுக்கிக்கொள்ளும். இந்த முறுக்கலில் நீளமான நரம்பு இழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. இதைச் சரிக்கட்ட மூளைக்கு ஏகப்பட்ட சக்தி தேவை. ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் ரத்த ஓட்டம் குறைகிறது. தலைவலியும் கண் கூச்சமும் மந்தமும் இந்தப் பற்றாக்குறையின் விளைவு. அது தீருவதற்குள் இன்னொரு அடி, லேசானதே ஆனாலும், பட்டால் குணமாக ரொம்ப நாளாகும். அரிதாக, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிரே போயிருக்கிறது.

ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை முறுக்கிக்கொள்வதை முழுதாகத் தடுக்காது. (அந்த ஹெல்மெட்டையும் மாற்றிவிடுங்கள்.)

"அப்போது நன்றாகத்தானே இருந்தான்?" என்று கோச் கேட்பார். 2019 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து பவுலர் ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டு வெளியேறிய ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஸ்மித், சோதனைகளில் தேறி மறுபடி இறங்கி ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும். அவருக்குப் பதிலாகச் சக வீரர் லபுஷேன் இறங்கினார்.

முதல் இரண்டு நாள் ஓய்வு. போன், டிவி குறைவாக. இருட்டறையில் அடைத்துவைக்க வேண்டியதில்லை, வீட்டுக்குள் நடமாடலாம். அப்புறம் பள்ளிக்கூடம். அது சிரமமில்லாமல் போனால் மெல்ல ஓட்டம், பிறகு பந்து படாத பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு. தொந்தரவு கூடினால் ஒரு படி இறங்குங்கள். டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் நெட்ஸ். சில பிள்ளைகளுக்கு ஒரு மாதம்கூட ஆகும்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல்: இதில் ஒன்று வந்தாலும் ஸ்கேன் நார்மல்தானே என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.